வானுக்குள்ள வெக்கை எந்தப் பக்கத்தால வருது? யன்னல் மறைப்புல பிழை கண்டுபிடிச்சுத் திருத்துற வழி

"எல்லா யன்னலையும் மூடிட்டன் அண்ணன், ஆனாலும் உள்ள இரிக்க ஏலாமக் கிடக்கு" எண்டுதான், வான் வாகனத்துக்குள்ள படுக்கை போட்டு ஊர் சுத்துற ஆக்கள்ல என்னட்டக் கேக்க வாற எல்லாரும் தொடங்குறாங்க. மூடினது சரி. எதால மூடினீங்க, கண்ணாடிக்கு உள்ளயா வெளியயா, வானோட முகம் எந்தப் பக்கம் பாத்து நிக்குது, எத்தின மணிக்கு வெக்கை கூடுது, இதெல்லாம் தெரியாம ஒரு பதில் சொல்ல ஏலாது. அதால இத அறிகுறி வாரியா எழுதுறன், உங்கட வானுக்கு எது பொருந்துதோ அந்த இடத்துக்கு நேராப் போங்க.

நான் மட்டக்களப்புக் கல்லடியில இரிக்கன். பழைய டொல்பின் வான் (டொயோட்டா ஹையேஸ்) ஒண்டுக்குள்ள படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணி டாங்கி எல்லாம் போட்டு குடும்பமா பாசிக்குடா, திருக்கோவில், பொத்துவில், உகந்தை எண்டு போய் வாறம். மச்சானும் ஒரு வான இப்பிடிச் செஞ்சு அறுகம்பேக்கு வாற ஆக்களுக்கு வாடகைக்கு விடுறார். ரெண்டு வானும் நிக்கிறது நம்மட கிழக்குக் கரை வெயில்லதான், அதுவும் சனம் ஊர் சுத்த வாற மே தொடங்கி ஓகஸ்ட் வரைக்கும் தரைப் பக்கத்தால வாற காஞ்ச கச்சான் காத்து வேற அடிக்கும். ஏசி போட்டு ராவெல்லாம் படுக்க பற்றரி காணாது, என்ஜின ஓட விட்டுப் படுக்கிறது ஆபத்து, அதால வெயில உள்ள வர விடாம மறிக்கிறது ஒண்டுதான் நம்மட கையில இரிக்கிற வழி.

முதல்ல கை வச்சுப் பாருங்க

எதையும் வாங்க முன்னம் இதச் செய்யுங்க. வான வழக்கமா நிப்பாட்டுற மாதிரி எல்லாத்தையும் மூடி வெயில்ல விடுங்க, பின்னேரம் ரெண்டு மணி போல உள்ள ஏறி, புறங்கையால ஒவ்வொரு இடமாத் தொட்டுக்கொண்டு வாங்க. உள்ளங்கைய விட புறங்கைக்கு சூடு கெதியாத் தெரியும். யன்னல் மறைப்போட உள்பக்கம், அதுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இரிக்கிற காத்து, தலைக்கு மேல கூரை, பக்கத் தகரம், முன் சீற்றுக்குக் கீழ, பின் கதவு. எது ஆகச் சூடோ அங்கதான் பிழை. என்னட்ட வந்தவங்கள்ல கன பேர் யன்னலுக்கே திரும்பத் திரும்ப காசு செலவழிச்சிரிக்காங்க, தொட்டுப் பாத்தா யன்னல் பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு, கூரை தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்குது.

ஒரு விசயம் விளங்கினா மிச்சமெல்லாம் தானா விளங்கும். வெயில் கண்ணாடிக்குள்ளால சுகமா உள்ள வந்திரும். உள்ள வந்து சீற்றுலயோ மெத்தையிலயோ திரையிலயோ பட்டுச் சூடாக்கின பிறகு, அந்தப் பொருள்ல இருந்து கிளம்புற சூடு வேற விதமான கதிர், அதக் கண்ணாடி வெளிய விடாது. போறதுக்கு வழியில்லாம உள்ளயே கிடந்து சுத்தும். உச்சி வெயில் நேராப் படுற இடத்துல ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1000 வாட் சக்தி இறங்குது, ஒரு அயன்பொக்ஸுக்குக் கிட்ட. ஒரு சதுர மீற்றர் கண்ணாடி மறைக்காமக் கிடந்தா அயன்பொக்ஸ் ஒண்டப் போட்டபடி உள்ள வச்சிரிக்கிற கணக்குத்தான். அதால வெயில கண்ணாடிக்கு வெளிய மறிக்கிறதுதான் முதல் தரம். உள்ள மறிக்கிறது ரெண்டாம் தரம், அதுவும் வந்த வெளிச்சத்த வெளிச்சமாவே திருப்பி அனுப்புற பளபளப்பான பொருளா இருந்தாத்தான்.

"முன்கண்ணாடிக்கு சில்வர் ஷேட் போட்டிரிக்கன், ஆனா ஸ்டியரிங்ல கை வைக்க ஏலாது"

ஆகக் கூட வாற முறைப்பாடு இது. மூண்டு காரணத்துல ஒண்டு இரிக்கும்.

முதலாவது, ஷேட்ட மாத்திப் போட்டிரிப்பீங்க. பளபளப்புப் பக்கம் கண்ணாடியப் பாக்கோணும். உள்பக்கம் அழகா இரிக்கட்டும் எண்டு மாத்திப் போட்டவங்கள நானே கண்டிரிக்கன். கறுப்போ நீலமோ கண்ணாடியப் பாத்துக்கொண்டு நிண்டா அது வெயிலக் குடிச்சு சூடாகி, உங்கட மூஞ்சிக்கு நேர ஒரு ஹீட்டர் மாதிரி நிக்கும்.

ரெண்டாவது, அளவு. கடையில மடிச்சுத் தாற ரெடிமேட் ஷேட் கார் கண்ணாடிக்கு வெட்டினது, வானோட கண்ணாடி அத விட உயரம், மேலயும் ரெண்டு ஓரத்துலயும் நாலு விரல் இடைவெளி விடும். நாலு விரல் தானே எண்டு நினைக்கப்படாது. அந்த நீட்டுக் கீலத்துக்குள்ளால வாற வெயில் டாஷ்போட்டுல விழும், டாஷ்போட் கறுப்பு, அது சூடாகி அதுல இருந்து காத்து மேல எழும்பி முழு வானுக்கும் பரவும். நானும் முதல் வருசம் ஒரு கடையில "எல்லா வானுக்கும் சரி வரும்" எண்டு சொன்னத நம்பி ஒண்டு வாங்கிட்டு வந்தன். ஒரு கச்சான் காலம் கூட நிக்கல, வெள்ளித் தாள் செதில் செதிலா உரிஞ்சு கொட்டிட்டு.

மூண்டாவது, ஷேட் உள்ள இரிக்கிறது. இதுக்கு மருந்து வெளி மூடி. முன்கண்ணாடி சரிஞ்சு வானத்தப் பாத்து நிக்கிறதால மத்த எல்லாக் கண்ணாடியையும் விடக் கூட வெயில் வாங்குற ஆள் இதுதான், இது ஒண்டுக்காவது வெளியால மூடி தைச்சுப் போடுங்க. வெள்ளை அல்லது வெள்ளிப் பூச்சு உள்ள தடிச்ச தாப்பால் துணி போதும். அகலத்துல ரெண்டு பக்கமும் ஒரு முழம் கூட விட்டு வெட்டுங்க, கூட விட்ட துண்டுகள ரெண்டு முன்கதவுக்குள்ளயும் குடுத்து கதவச் சாத்தினா காத்துக்கும் பறக்காது, ஒருத்தரும் எடுத்துக்கொண்டு போகவும் ஏலாது. கீழ்ப் பக்கத்த வைப்பர் ரெண்டும் அமத்திப் பிடிக்கும். நான் முன்கதவு யன்னல் ரெண்டையும் சேத்து மூடுற மாதிரி ஒரே துண்டாத் தைச்சிரிக்கன், அந்தி போல தொப்பி மாதிரிக் கழட்டி மடிச்சு சீற்றுக்குப் பின்னால வச்சிருவன். இது வான் நிக்கிற நேரத்துக்கு மட்டும். உள் ஷேட்டா இருந்தாலும் வெளி மூடியா இருந்தாலும் முன் மூண்டு கண்ணாடியிலயும் ஒண்டும் இல்லாமத்தான் ரோட்டுக்கு எடுக்கோணும்.

"தடிச்ச கறுப்புத் திரை போட்டன், இருட்டா இரிக்கு, ஆனா வெக்கை குறையல"

இருட்டு வேற, குளிர்ச்சி வேற. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிற ஆக்கள்தான் கூட. கறுப்புத் துணி வெளிச்சத்த விழுங்கும், விழுங்கின வெளிச்சம் எங்கயும் போகாது, சூடா மாறி துணியில நிக்கும். இப்ப கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவுல இரிக்கிற காத்து சூடாகி மேல எழும்பி, திரையோட மேல் ஓரத்தால வானுக்குள்ள வழியுது, கீழ் ஓரத்தால உள்ளுக்கு இரிக்கிற குளிர்ந்த காத்து திரைக்குப் பின்னால இழுபடுது. நீங்க போட்ட திரை ஒரு புகைக்கூடு மாதிரி வேல செய்யுது. திரையோட மேல் விளிம்புக்கு நேர கைய நீட்டிப் பாருங்க, சூடு சாடையா வழியிறது தெரியும்.

திரையக் கழட்டி எறியத் தேவையில்ல. மறைப்புக்கும் படுக்கிறதுக்கும் அது நல்லம். அதுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு பலகை மாதிரி மறைப்பு செஞ்சு போடுங்க, நான் செய்யிற விதம் இதுதான்.

பழைய பேப்பர் ரெண்டு தாள ஒட்டி, கண்ணாடிக்கு உள்பக்கமா விரிச்சு நாலு மூலையிலயும் டேப் போட்டுப் பிடிச்சிரணும். பிறகு கட்ட விரல் நகத்தால கண்ணாடி ரப்பர் ஓரமா அமத்திக்கொண்டு போனா பேப்பர்ல ஒரு மடிப்புக் கோடு விழும், பென்சிலால கீற வேண்டிய தேவையே இல்ல, அந்தக் கோடு மில்லிமீற்றர் பிழைக்காது. அந்தக் கோட்டுக்கு வெளிய அரை அங்குலம் கூட விட்டு வெட்டுங்க. அந்த அச்ச வச்சு, கூரை சீற்றுக்குக் கீழ அடிக்கிற பபிள் ஃபொயில் ஒரு துண்டும், மெல்லிய ஸ்பொஞ்ச் சீற் ஒரு துண்டும், உள்பக்கத்துக்குத் துணி ஒரு துண்டும் வெட்டி, மூண்டையும் அடுக்கி ஓரத்துக்குப் பட்டி வச்சுத் தைக்கோணும். எனக்கு என்ட மனிசி வீட்டு மெசின்லயே தைச்சுத் தந்தா, ஊசி மட்டும் ரெண்டு தரம் முறிஞ்சது, தடிச்ச ஊசி போட்ட பிறகு பிரச்சினை இல்ல. உள் துணிக்கு மருதமுனைக் கைத்தறித் துண்டு போட்டம், சாறன் துணி மாதிரி கோடு போட்டது, வானுக்குள்ள இருந்து பாக்க அவ்வளவு வடிவு, கழுவினாலும் சாயம் போகல. அரை அங்குலம் கூட விட்டதால அது ரப்பருக்குள்ள தன்ட பாட்டுல இறுகி நிக்கும்.

ஃபொயில் கண்ணாடியோட ஒட்டிப் பிடிச்சு நிக்கப்படாது, ஒரு சுண்டுவிரல் இடைவெளியாவது வேணும். ஒட்டி நிண்டா ஃபொயில்ல ஏறுற கொஞ்சச் சூடும் தொட்டுத் தொட்டுக் கடந்து உள்ள வரும். அத விட, கடும் டின்ட் அடிச்ச கண்ணாடியிலயும் கல் பட்டு சின்ன வெடிப்பு இரிக்கிற கண்ணாடியிலயும் ஃபொயில நெருக்கி வச்சா கண்ணாடி நடுவுல அளவுக்கு மிஞ்சி சூடாகும், ரப்பருக்குள்ள இரிக்கிற ஓரம் அவ்வளவு சூடாகாது, அந்த வித்தியாசத்துல வெடிப்பு நீளும். வெளிநாட்டுல இருந்து வந்த கரவான்கள்ல கண்ணாடிக்குப் பதிலா அக்றிலிக் யன்னல் இரிக்கும், அது இதுக்கு இன்னும் பயந்தது, நெளிஞ்சு போகும். அந்த யன்னலுக்கு வெளிப்பக்க மறைப்பு மட்டும் போடுங்க.

"ஒரு பக்கம் மட்டும் அவியுது" அல்லது "விடிய ஆறரைக்கே வேர்த்து எழும்புறம்"

இது துணியில இரிக்கிற பிழை இல்ல, நிப்பாட்டின விதத்துல இரிக்கிற பிழை. இதுக்கு ஒரு சதமும் செலவில்ல, ஆனா ஆகக் குறைய ஆக்கள் கவனிக்கிறதும் இதத்தான்.

நம்மட இடத்துக்கு சூரியன் நேர் உச்சிக்கு வாறது வருசத்துல ரெண்டு தரம், ஏப்ரல் முதல் பாதியில ஒருக்கா, ஓகஸ்ட் கடைசி செப்டம்பர் தொடக்கத்துல ஒருக்கா. அதுக்கு நடுவுல உள்ள மாசங்கள்ல, அதாவது அறுகம்பேயில சனம் நிறைஞ்சிரிக்கிற மே, ஜூன், ஜூலையில சூரியன் வடகிழக்கால எழும்பி, மத்தியானம் தலைக்குக் கொஞ்சம் வடக்கால போய், வடமேற்குல விழுகுது. விடியத் தொடங்கி அந்தி வரைக்கும் வடக்குப் பக்கத்துலயேதான் நிக்கும். அப்ப தெற்குப் பக்கத்துக்கு நேர் வெயில் ஒரு நிமிசமும் படாது. உங்கட வீட்டுத் தெற்குச் சுவர ஜூன் மாசத்துல போய்ப் பாருங்க, நாள் முழுக்க நிழல்.

இப்ப கடற்கரையில வான்கள் நிக்கிற விதத்த நினைச்சுப் பாருங்க. கடல் கிழக்க. எல்லாரும் கடலப் பாத்து மூக்க நீட்டிக்கொண்டு நிப்பாட்டுறாங்க. விடிய எழும்புற சூரியன் நேரா முன்கண்ணாடிக்குள்ளால படுக்கைக்கு வருது. நம்மட வான்களுக்கு இழுக்கிற கதவு இடது பக்கம், மூக்கு கிழக்க எண்டா இடது பக்கம் வடக்க, அப்ப கதவும் பெரிய யன்னலும் நாள் முழுக்க வெயில் வாங்குது, கதவத் திறந்து வச்சு இரிக்கவும் ஏலாது.

மாத்தி நிப்பாட்டுங்க. முதுகக் கடலுக்குக் காட்டி, மூக்க மேற்க வைங்க. இப்ப இழுக்கிற கதவு தெற்குப் பக்கம், நாள் முழுக்க நிழல், அங்கால பாய விரிச்சு சமைக்கலாம், புள்ளைகள் விளையாடலாம். பின்கதவு மேல தூக்குற கதவுதானே, தூக்கி விட்டா அதுவே ஒரு சின்னப் பந்தல், கடல் காத்து நேரா உள்ள வரும், படுத்துக்கொண்டே கடலப் பாக்கலாம். விடிய வாற வெயிலுக்குப் பின்கண்ணாடி ஒண்ட மட்டும் மறைச்சா சரி, அது சின்னன். பின்னேர வெயில் முன்கண்ணாடியில விழும், அதுக்குத்தான் வெளி மூடி தைச்சு வச்சிரிக்கமே. வடக்குப் பக்க யன்னல்களுக்குப் பலகை மறைப்பு. தெற்குப் பக்கத்துக்கு நுளம்பு வலை மட்டும் போட்டுத் திறந்து விடலாம். முதல் தரம் கோமாரிப் பக்கத்துல இப்பிடி நிப்பாட்டினப்போ மச்சான் "என்ன மச்சான், கடலுக்கு முதுகக் காட்டிக்கொண்டு" எண்டு குறைப்பட்டார், மத்தியானச் சாப்பாட்டோட அவரும் தன்ட வானத் திருப்பிட்டார்.

மாரி காலத்துல, நவம்பர் தொடங்கி ஜனவரி வரைக்கும், கணக்கு மறுபக்கம். சூரியன் தெற்கால போகும், அப்ப வடக்குப் பக்கம் நிழல்.

மர நிழல் கிடைச்சா எல்லாத்தையும் விட அதுதான் திறம். மருதை, புளி, வாகை, வேம்பு எதெண்டாலும் நல்லம், ஆனா பின்னேரம் மூண்டு மணிக்கு அந்த நிழல் எங்க விழும் எண்டு பாத்து நிப்பாட்டுங்க, வந்து சேந்த நேரத்து நிழல நம்பப்படாது. தென்னைக்குக் கீழ மட்டும் வேணாம், குரும்பட்டி விழுந்தா கீறல், தேங்காய் விழுந்தா முன்கண்ணாடியே போயிரும்.

"எல்லா யன்னலும் சரி, கை வச்சா சூடில்ல, ஆனாலும் தலை கொதிக்குது"

கூரை. படுத்திரிக்கிறப்போ நெஞ்சும் முகமும் மட்டும் எரியிற மாதிரி இருந்தா சந்தேகமே வேணாம், மேல இருந்துதான் இறங்குது. மத்தியான நேரம் யன்னல விட கூரைதான் கூட வெயில் வாங்குது, அது வெறும் தகரம், நிறம் கடும் நிறம் எண்டா இன்னும் மோசம்.

உள்ள ஸ்பொஞ்ச் ஒட்டுறது நல்லம், ஆனா அதுக்கு முதல் மேல ஒரு நிழல் போடுங்க. ஹூட்ராக் (கூரைக்கு மேல சாமான் கட்டுற கம்பிச் சட்டம்) இரிக்கிற வானுக்கு அதுல வெள்ளைத் தாப்பால் ஒண்ட இழுத்துக் கட்டினா முடிஞ்சுது, தகரத்துக்கும் தாப்பாலுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி விட்டு, அந்த இடைவெளிக்குள்ளால காத்து ஓடோணும். தாப்பால தகரத்துல ஒட்ட விரிச்சா பிரயோசனம் குறைவு. நாலு நாள் ஒரே இடத்துல நிக்கிறதெண்டா நம்மட ஆக்கள் வாடி போடுற மாதிரி கம்பு நட்டு கிடுகு பரப்பி விடுறதுதான் ஆகக் குளிர்ச்சி, உகந்தையில திருவிழா நேரம் நாங்க பாத்தது, கிடுகுப் பந்தலுக்குக் கீழ நிண்ட வானும் வெளியில நிண்ட வானும் ஏறினவுடன தெரியும். கூரைக்கு வெள்ளை பெயின்ற் அடிக்கவும் ஏலும், பிறகு நிறம் மாறினத வாகனப் புத்தகத்துல பதியிற வேலையையும் யோசிங்க.

கூரையில காத்து வாற மூடி யன்னல் வச்ச வான் எண்டா அந்தச் சதுரத்துக்கும் ஒரு மறைப்பு வேணும். அது சின்னன் எண்டு விட்டிராதீங்க, உச்சி வெயில் நேரா இறங்குற ஒரே யன்னல் அதுதான்.

"பகல் பரவாயில்ல, ராவுல புழுங்குது, விடியக் கண்ணாடியில தண்ணி வடியுது"

பகல் வெயிலுக்குச் செஞ்ச மறைப்ப ராவும் அப்பிடியே விட்டிரிக்கீங்க. சூரியன் இறங்கின பிறகு வெளிய காத்து குளிரத் தொடங்கும், வான் பகல் முழுக்க குடிச்ச சூட்ட வெளிய விடோணும், ஆனா நீங்க எல்லாத்தையும் ஃபொயிலால அடைச்சு வச்சிரிக்கீங்க. அதோட மனிசன் ரெண்டு பேர் ராவெல்லாம் விடுற மூச்சும் வேர்வையும் ஈரமாக் கண்ணாடியில படியும். நாலு நாள் அப்பிடி விட்டா பலகைக்குப் பின்னால பூஞ்சணம் பிடிச்சு வாடை அடிக்கும்.

அந்தி பட்டவுடன பலகை எல்லாத்தையும் கழட்டிருங்க. மறைப்புக்குத் திரை போதும். பிறகு ரெண்டு இடம் திறக்கோணும், ஒண்டு கீழ ஒண்டு மேல, ஒண்டு காத்து வாற பக்கம் மத்தது அதுக்கு எதிர்ப் பக்கம். ஒரு பக்க யன்னல மட்டும் திறந்து வச்சுக்கொண்டு காத்தில்ல காத்தில்ல எண்டு சொல்றதுல பிரயோசனமில்ல, போற வழி இல்லாம வாற வழி வேல செய்யாது. 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒண்ட எதிர்ப்பக்கத்து யன்னல்ல வெளியப் பாக்க வச்சு விட்டா சூடு வெளிய இழுபட்டு இந்தப் பக்கத்தால குளிர்ந்த காத்து தானா வரும்.

திறக்கிறதெண்டா நுளம்பு. மட்டக்களப்புல டெங்கு பற்றி நான் சொல்லத் தேவையில்ல. வலைய யன்னலுக்கு உள்பக்கமா காந்தத்தாலயோ வெல்க்ரோவாலயோ ஒட்டுறத விட, முழுக் கதவுக்கும் வெளியால சாறன் மாதிரி மாட்டுற வலை தைச்சா கண்ணாடிய எவ்வளவு வேணுமெண்டாலும் இறக்கலாம்.

இன்னொண்டு, எல்லாத்தையும் மூடி வச்சுக்கொண்டு உள்ள கேஸ் அடுப்புப் பத்த வைக்கப்படாது. சூடு ஒரு பக்கம், நச்சு வாயு மறுபக்கம், அதுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல.

"வெளிப்பக்க வலை கச்சானுக்குக் கிழிஞ்சு போகுது"

தோட்டத்துல நாத்துக்கு மேல கட்டுற நிழல் வலைதான் பக்க யன்னலுக்கு நல்ல வெளி மறைப்பு, வெயிலக் குறைக்கும், காத்த விடும், உள்ள இருந்து வெளிய தெரியும். ஆனா கச்சான் அடிச்சா இறுக்கிக் கட்டின வலை மூலையால கிழியும். வலைய மடிச்சுத் தைச்சு அதுக்குள்ள கயிறு ஓட விட்டு, மேல கூரை ஓரத்துக்கும் கீழ ரயருக்குப் பக்கத்துலயும் கட்டுங்க, ஒரு பக்கத்துக் கட்ட மட்டும் சைக்கிள் ரியூப் வெட்டின ரப்பரால கட்டினா காத்துக்கு இழுபட்டுத் திரும்பும், கிழியாது. பன்பாய் வச்சிரிக்கிறவங்க அதையே வெளியால தொங்க விடலாம், யன்னலுக்கு ஒரு சாண் தள்ளி. மச்சான்ட வான்ல ரெண்டு பாய் நிரந்தரமா அதுக்கெண்டே இரிக்கு, அந்தியில கழட்டித் தட்டி அதுலதான் இரிக்கிற.

கச்சான் நேரத்துக்கு நம்மட பழைய ஆக்கள் செஞ்ச ஒரு வேல இரிக்கு, அது வானுக்கும் சரி வரும். காத்து வாற பக்கத்து யன்னலத் திறந்து, வெளியால ஒரு சணல் சாக்க நனைச்சுத் தொங்க விடுங்க. கச்சான் தரைப் பக்கத்தால வாற காஞ்ச காத்து, ஈரச் சாக்குக்குள்ளால வாறப்போ தண்ணி ஆவியாகி காத்துல இரிக்கிற சூட்ட எடுத்துக்கொண்டு போகும், உள்ள வாற காத்து சில்லெண்டு வரும். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா தண்ணி தெளிக்கோணும். எதிர்ப்பக்கம் ஒரு யன்னல் திறந்திரிக்கோணும், இல்லாட்டி ஈரம் உள்ளயே நிண்டு புழுங்கும். கடல் காத்து அடிக்கிற நேரத்துலயும் மழைக்கு முன்னம் புழுங்குற ஒக்டோபர் நாள்கள்லயும் இது வேல செய்யாது, காத்துல ஏற்கனவே ஈரம் கூட, சாக்குத் தண்ணி ஆவியாக இடமில்ல.

"ஓடக்குள்ள ஏசி போட்டும் குளிரல"

யன்னல் மறைப்ப மாத்த முன்னம் முன் சீற்றுக்குக் கீழ கை வைங்க. டொல்பின் மாதிரி வான்களுக்கு என்ஜின் முன் சீற்றுக்கு நேர கீழதான் இரிக்கு, அதுக்கு மேல இரிக்கிற மூடியோட ரப்பர் காஞ்சு வெடிச்சிருந்தா, கீழ ஒட்டின சூடு தாங்குற விரிப்பு உரிஞ்சிருந்தா, கண்ணாடிக்கு என்ன போட்டும் பிரயோசனமில்ல. ரப்பர மாத்துங்க. அதோட பின்னால படுக்கை இரிக்கிற பகுதிய ஒரு திரையால முன்பக்கத்துல இருந்து பிரிச்சிட்டா ஏசிக்குக் குளிராக்குற இடம் பாதியாகும். ஓடக்குள்ள பின் பக்க யன்னல்களுக்குப் பலகை மறைப்பு இரிக்கலாம், ஆனா பின்னுக்குப் பாக்க ஏலாமப் போகும், பக்கக் கண்ணாடி ரெண்டும் சரியா இரிக்கிறத உறுதிப்படுத்திக்கொண்டு எடுங்க.

சில்லறைப் பிழைகள்

உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கப் விழுந்துகொண்டே இரிக்கு எண்டா கண்ணாடியில உப்புப் படிஞ்சிரிக்கு. கடற்கரையில ஒரு ராவு நிண்டாலே படியும். நல்ல தண்ணியால துடைச்சு, கப்ப சுடுதண்ணியில போட்டு எடுத்து ஒட்டிப் பாருங்க, ஒரு கிழமைக்குப் பிடிக்கும். பிறகும் விழும், வெயில்ல ரப்பர் இறுகிரும். அதால நான் கப்ப விட்டுட்டன்.

காந்தம் பிடிக்கல எண்டா யன்னல் ஓரம் பிளாஸ்டிக் மூடி. பிடிச்சாலும் உப்புக் காத்துக்கு ஒரு வருசத்துல துருப்பிடிச்சு பெயின்றுல மஞ்சள் அடையாளம் விடும், துணிக்குள்ள வச்சுத் தைக்க முன்னம் காந்தத்த பொலித்தீன்ல சுத்தி ஒட்டுங்க.

வெல்க்ரோவோட பசை மத்தியான வெக்கைக்கு இளகி வழுகும். ஒட்ட முன்னம் அந்த இடத்த ஸ்பிரிட்டால துடைச்சு, காலம்பறக் குளிருக்கு ஒட்டி, ஒரு நாள் முழுக்க ஒண்டும் தொங்க விடாம விடுங்க.

ஒரு விசயம் மட்டும் சத்தமாச் சொல்லோணும். இதுல எழுதின எல்லாத்தையும் செஞ்சிருந்தாலும், புள்ளைகளையோ வயசான ஆக்களையோ நாயையோ மூடின வானுக்குள்ள விட்டுட்டு "அஞ்சு நிமிசம், கடைக்குப் போய்ட்டு வாறன்" எண்டு இறங்கப்படாது. வெயில்ல மூடி நிக்கிற வாகனத்துக்குள்ள பத்து நிமிசத்துல பத்துப் பாகை ஏறும், கண்ணாடிய ரெண்டு விரல் இறக்கி விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்ல. ஷேட் போட்டா சூடு ஏறுற வேகத்தக் குறைக்கும், நிப்பாட்டாது.

கடற்கரையில இருந்து திரும்பி வந்தவுடன வெளி மூடியையும் வலையையும் நல்ல தண்ணியில அலசி நிழல்ல காய விடுங்க. உப்போட மடிச்சு வச்சா அந்த மடிப்பாலயே வெள்ளிப் பூச்சு உரியத் தொடங்கும். பபிள் ஃபொயில் பலகைகள மடிக்காம, மெத்தைக்குக் கீழ தட்டையா அடுக்குங்க, ஒவ்வொண்டுக்கும் பின்னால எந்த யன்னல், எது மேல் பக்கம் எண்டு மார்க்கரால எழுதி வைங்க. இடதும் வலதும் பாக்க ஒரே மாதிரி இரிக்கும், ஆனா மாறிப் போட்டா மூலையில ரெண்டு விரல் வெளிச்சம் வரும்.